துப்பாக்கியா, கையா?

பழைய ஏர் ரைஃபிள் ஒன்றை வாங்கி, வீட்டு மேசையிலேயே பிரித்துத் துடைத்து, தேய்ந்த ஓரிங்கை மாற்றி, திரும்பப் பூட்டி ரேஞ்சுக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். பத்து பெல்லட் சுட்டுவிட்டு அட்டையை எடுத்துப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது. இரண்டு மையத்தில், மூன்று இடது பக்கம், ஒன்று ஏழாம் வளையத்துக்கும் வெளியே, மீதி எங்கெங்கோ. பக்கத்தில் நிற்பவர் கேட்காமலேயே மூன்று யோசனை சொல்வார்: பெல்லட்டை மாற்று, டிரிகரை லேசாக்கு, பேரலைச் சுத்தம் செய். மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டுப்போனாலும் எதைப் பழையபடி வைப்பது என்று தெரியாது.

இங்கே பேசப்போவது பத்து மீட்டர் ஏர் ரைஃபிளைப் பற்றி, அதிலும் முக்கியமாக அழுத்தக் காற்று சிலிண்டர் உள்ள வகையைப் பற்றி. ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை நடுவில் வரும்.

அட்டையைப் படிப்பது

சர்வதேச விதிப்படி பத்து மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்தாம் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. கடுகை விடச் சிறியது. ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ. அதற்குப் பிறகு ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டம் 5 மி.மீ. கூடிக்கொண்டே போகும். கறுப்பு வட்டம் முழுவதும் 30.5 மி.மீ. தான். இதைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் ஓரம் புள்ளியைத் தொட்டாலே பத்து. ஆக, பெல்லட்டின் நடு, அட்டையின் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். அதற்குள் ஒவ்வொரு கால் மி.மீ.க்கும் ஒரு தசமம் கூடி 10.9 வரை போகிறது.

உங்கள் பத்து ஓட்டைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதுங்கள். ஓட்டைகளின் வெளி ஓரங்களை அளந்து 4.5 கழித்தாலும் அதே கணக்கு வரும். இதுதான் க்ரூப். ஐந்து மி.மீ.க்குள் வட்டமாக அடங்கும் க்ரூப், மையத்தில் உட்கார்ந்தால், எல்லாமே பத்துதான். ஐந்து மி.மீ. க்ரூப் ஏழாம் வளையத்தில் உட்கார்ந்திருந்தால்? அதற்குப் பெயர் சிதறல் இல்லை. சைட் தவறியிருக்கிறது, அவ்வளவுதான். பின் சைட்டை வேண்டிய அளவு கிளிக் திருப்பினால் சரியாகிவிடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் ரேஞ்சில் அதிகம். மூன்று பெல்லட் இடது பக்கம் போனதும் பின் சைட்டான டயாப்டரைத் திருப்புவார்கள். அடுத்த மூன்று வலது பக்கம் போகும். மறுபடி திருப்புவார்கள். இப்போது துப்பாக்கியின் சிதறலோடு அவர்கள் திருப்பியதும் சேர்ந்துகொண்டது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இதே பிரிவில் தங்கம் வென்றதும், கடைசிக் குண்டில் 10.8 எடுத்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைச் சுடலில் அவருடைய பெல்லட்கள் மையத்தை விட்டு வெகுதூரம் போய் விழுந்ததைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். தகுதிச் சுற்றில் 596 எடுத்த அதே துப்பாக்கி. இடையில் சைட் மாறியிருந்தது. அவர் நிற்கும் விதத்தையோ டிரிகர் விரலையோ சந்தேகப்படவில்லை. கிளிக்குகளைத் திருப்பி மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டுச் சுடத் தொடங்கினார். சிதறல் எது, இடமாற்றம் எது என்பது அவருக்கு அந்தச் சில நிமிடங்களில் தெரிந்திருந்தது.

உங்களைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து வையுங்கள்

கோளாறு துப்பாக்கியிலா கையிலா என்று தெரிய ஒரே வழி, கையை விலக்கிவிட்டுச் சுடுவது. ரேஞ்சில் வைஸ் இருந்தால் நல்லது. ரப்பர் அல்லது தடித்த துணி சுற்றி, உலோகப் பகுதியைப் பிடிக்கவேண்டும். பேரலைப் பிடிக்கக் கூடாது. வைஸ் இல்லையென்றால், மணல் நிரப்பிய இரண்டு பைகள் போதும், முன்கட்டைக்கு அடியில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உட்கார்ந்து, தோளால் அழுத்தாமல், டிரிகரை மட்டும் அழுத்துங்கள். மூன்று அட்டை, ஒவ்வொன்றிலும் பத்து அடி. ஐந்து அடி போட்டு முடிவுக்கு வராதீர்கள். ஐந்தில் அழகாக விழுவது தற்செயலாகவும் நடக்கும். பத்தில் அந்தத் தற்செயல் குறையும். நடுவில் ஒன்று வெளியே போனால் அதைக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். ‘அது என் தப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மணல் பையில் வைத்துச் சுடும்போது உங்களுக்குக் கிடையாது.

ஸ்பிரிங் துப்பாக்கிக்காரர்கள் வைஸில் இறுக்கவே வேண்டாம். ஸ்பிரிங் விரிந்து பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும். பெல்லட் இன்னும் பேரலுக்குள் இருக்கும்போதே அந்த உதைப்பு தொடங்கிவிடும். கடினமான இடத்தில் வைத்தால் ஒரு மாதிரி, மென்மையான இடத்தில் வைத்தால் வேறு மாதிரி அடிக்கும். நாலாக மடித்த துண்டின் மேல், இடது உள்ளங்கையைத் திறந்து வைத்து, அதன்மேல் துப்பாக்கியைப் படுக்கவைத்துச் சுடுங்கள். எல்லா அடிக்கும் கை ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

நல்ல மேட்ச் ரைஃபிள், அதற்குப் பிடித்த பெல்லட்டோடு, பத்தையும் ஒரே கிழிந்த ஓட்டையாகப் போட்டுவிடும். உங்கள் துப்பாக்கி பையில் வைத்து 6 மி.மீ. போடுகிறது, நின்று சுடும்போது நீங்கள் 21 மி.மீ. போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. துப்பாக்கியின் சிதறலும் கையின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டையும் தனித்தனியே இருமடி எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் காணவேண்டும். துப்பாக்கி 6, கை 20 என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 20.9. பெரும் பணம் செலவழித்துத் துப்பாக்கியை 4 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 20.4. அரை மி.மீ.தான் லாபம்! அந்தப் பணத்துக்குக் காலையில் பேருந்து ஏறி ரேஞ்சுக்கு வந்து நின்று பழகலாம். மாறாக, துப்பாக்கியே பையில் வைத்து 15 மி.மீ. சிதறினால், கை எவ்வளவு தேறினாலும் அதற்குக் கீழே இறங்கமுடியாது. அப்போது மேலே படியுங்கள்.

திருகுகள்

நான் பழகத் தொடங்கிய காலத்தில் மூன்று மாதம் ஒரு சிதறலோடு மல்லுக்கட்டினேன். நாலு விதப் பெல்லட் வாங்கினேன். இடுப்பு சாய்கிறது என்று ஒருவர் சொன்னார், இடுப்பை மாற்றினேன். மூச்சு என்று இன்னொருவர் சொன்னார், மூச்சையும் மாற்றினேன். ஒருநாள் ரேஞ்சைக் கூட்டிப் பெருக்கும் பெரியவர், பல வருடம் சுடுபவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், என் துப்பாக்கி மேசையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி, அந்தப் பின்பக்க வளையத்தைப் புடிச்சு ஆட்டிப் பாருப்பா” என்றார். ஆட்டினேன். டயாப்டர் தண்டவாளத்தின் மேல் தலைமுடி அளவு அசைந்தது. அதைப் பிடிக்கும் திருகு இறுகியிருந்தது, ஆனால் அதன் அடியில் நானே சொருகிய காகிதத் துண்டு ஒன்று நசுங்கிப்போய் இடைவெளி விட்டிருந்தது. மூன்று மாதம்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஆட்டிப் பாருங்கள். முன் சைட்டும் அதற்குள் இருக்கும் வளையமும், பின் சைட், எடைக் கட்டிகள், கன்னத்தைத் தாங்கும் துண்டு, தோள் தட்டு. பிறகு கட்டையோடு உலோகப் பகுதியைப் பிணைக்கும் திருகுகள். இவைதான் முக்கியம். இரண்டு இருந்தால் ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். கார்ச் சக்கரத்தின் நட்டை இறுக்குவது போல மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. கையேட்டில் அளவு போட்டிருந்தால் டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவில் நிறுத்துங்கள். அதிகம் இறுக்கினால் மரக்கட்டை நசுங்கி, அடுத்த மாதம் தானே தளரும். மரக்கட்டையில் மழைக்காலமும் வெயில்காலமும் இந்தத் திருகுகளைத் தளர்த்திவிடும். அலுமினியக் கட்டைக்கு அந்தத் தொந்தரவு குறைவு.

பேரல் முன்கட்டையை எங்காவது தொடுகிறதா என்று பார்க்க ஒரு தாள் துண்டு போதும். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுங்கள். தடையில்லாமல் போகவேண்டும். வீட்டில் பிரித்து மாட்டிய துப்பாக்கிகளில் இங்கேதான் பெரும்பாலும் மாட்டும். ஒரு பக்கம் சற்றே சரிந்து உட்கார்ந்திருக்கும்.

காற்றும் வேகமும்

அடிகள் பக்கவாட்டில் நெருக்கமாகவும் மேலும் கீழும் நீளமாகவும் விழுந்தால் வேகத்தைச் சந்தேகப்படலாம். மேட்ச் ரைஃபிளின் பெல்லட் வினாடிக்கு 170–175 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 175இல் போகும் பெல்லட் பத்து மீட்டரில் ஏறத்தாழ 16 மி.மீ. கீழே இறங்குகிறது. 165 என்றால் 18 மி.மீ. வினாடிக்குப் பத்து மீட்டர் குறைந்தால் அட்டையில் இரண்டு மி.மீ. கீழே. கிட்டத்தட்ட ஒரு வளையம் போய்விட்டது. கிளப்பில் குரோனோகிராஃப் இருந்தால் இருபது அடியை அதன்மேல் சுட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மீட்டர் வித்தியாசத்துக்குள் நின்றால் கவலை இல்லை. அதற்கு மேல் ஆடினால் ரெகுலேட்டரைப் பார்க்கவேண்டும்.

சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 100 இருந்தாலும் ரெகுலேட்டர் ஒரே அளவு காற்றைத்தான் பெல்லட்டின் பின்னால் விடவேண்டும். அதன் வேலையே அதுதான். சிலிண்டர் அழுத்தம் குறைந்துகொண்டே போய் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் அதனால் சமாளிக்கமுடியாது. அளவியில் அந்த எல்லையைக் குறித்திருப்பார்கள். பயிற்சியின் கடைசி இருபது அடி மட்டும் தாழ்ந்து விழுகிறதா? முதலில் அளவியைப் பாருங்கள், பிறகு களைப்பைக் குறை சொல்லலாம். இன்னொரு விதமும் உண்டு. ஒரு வாரம் பெட்டியில் கிடந்த துப்பாக்கியின் முதல் அடி மட்டும் மேலே போகும். ரெகுலேட்டர் மெதுவாகக் கசிந்து அழுத்தம் ஏறியிருக்கும். இரண்டு அடி சும்மா சுட்டுவிட்டுத் தொடங்குங்கள். தினமும் அப்படி நடந்தால் உள்ளே ஒரு சீல் தேய்ந்திருக்கிறது.

ரெகுலேட்டரை நீங்களே பிரிக்காதீர்கள். ஓரிங் மாற்றுவது வேறு, அழுத்தக் காற்று நிறைந்த பாகத்தைத் திறப்பது வேறு. சாதாரண இயந்திர எண்ணெயும் கிரீஸும் அங்கே போகவே கூடாது. உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பற்றக்கூடும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் ஒருமுறை பாருங்கள். காலாவதியான சிலிண்டரைப் போட்டிக்குக் கொண்டுபோகமுடியாது. வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் போட்டும் வைக்காதீர்கள். 25 டிகிரியில் 200 பார் இருந்தது 60 டிகிரியில் 220ஐத் தாண்டிவிடும்.

வேகத்தைக் கூட்டினால் நன்றாக அடிக்கும் என்று சிலர் ரெகுலேட்டர் திருகைத் திருப்பச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அரை கிராமுக்குச் சற்று மேலுள்ள பெல்லட், 175 மீட்டர் வேகத்தில், எட்டு ஜூல் ஆற்றல். பத்து மீட்டரில் காகிதத்தைத் துளைக்க அதுவே தாராளம். 2016ஆம் ஆண்டு இந்திய ஆயுத விதிகள் 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பதில்லை. அந்த எல்லையை ஒட்டிப் போகவேண்டிய தேவை அட்டையில் சுடுபவருக்கு இல்லவே இல்லை.

பெல்லட்

ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே டப்பா வடிவம். ஆனால் மூடியில் ஒட்டிய சிறு சீட்டில் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் வேறு வேறாக இருக்கும். நூறில் ஒரு பங்கு மி.மீ. என்ன செய்துவிடும் என்று தோன்றும். சில பேரல்களில் ஒன்றும் செய்யாது. சிலவற்றில் ஒரு அளவு மட்டும் கிழிந்த ஒற்றை ஓட்டை போடும், மற்றவை பரவும். எந்தப் பேரலுக்கு எது பிடிக்கும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறியமுடியும். யார் சொல்லியும் அறியமுடியாது. அதே அளவிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் பழக்கம் மாறலாம். அதனால்தான் பெரிய வீரர்கள் தங்கள் துப்பாக்கிக்குப் பொருந்திய தொகுதி கிடைத்ததும் மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். நமக்கு அது வேண்டாம். மூன்று அளவில் ஒவ்வொரு டப்பா, மணல் பை, தலா மூன்று அட்டை. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

டப்பாவிலிருந்து எடுத்ததும் பெல்லட்டைத் திருப்பி அதன் பாவாடை போன்ற பின்பகுதியைப் பாருங்கள். ஈயம் மென்மையானது. டப்பா கீழே விழுந்தாலே ஓரம் நசுங்கும். நசுங்கியது பயிற்சிக்குக்கூட வேண்டாம். பேரலில் நேராக உட்காரவேண்டும், விரலால் கோணலாகத் திணிக்கக் கூடாது. முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீக்கடைக்குப் போகவேண்டும். விரலில் ஒட்டியிருப்பது ஈயம்.

பேரலைச் சுத்தம் செய்வது பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அடிக்கடி வேண்டாம். சுத்தம் செய்த பின் சில அடிகள் இடம் மாறி விழும். பிறகுதான் நிலைக்கும். துப்புரவுக்கென்று விற்கும் கம்பளிப் பெல்லட்களை வைத்துச் சுட்டால் போதும். இரும்புக் கம்பியை முன்வாய் வழியாக விட்டுத் தேய்ப்பவர்கள் முன்வாயின் விளிம்பைக் கீறிவிடுவார்கள். பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் இந்த அத்தியாயத்தில் உள்ள எதைச் செய்தும் பயனில்லை. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் உள்ளே குடைவதை விட்டுவிட்டு வெளிப்புறத்தை லேசாக எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டியின் ஸ்பாஞ்ச் ஈரமில்லாமல் பார்த்துக்கொண்டால் துரு அண்டாது.

இனி கை

பையில் 5 மி.மீ., நின்றால் 20 மி.மீ. என்று கணக்கு வந்துவிட்டதா? நல்லது. இனித் திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

ரேஞ்சுகளின் சுவரில் வட்டமாக ஒரு படம் ஒட்டியிருப்பார்கள். ஏழு மணி திசையில் போனால் டிரிகரை வெடுக்கென்று இழுத்தாய், இரண்டு மணி திசையில் போனால் கையை அழுத்தினாய் என்று. அவற்றில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கிக்காக வரைந்தவை. ஒற்றைக் கையால் பிடிப்பதன் கோளாறுகள் அவை. ரைஃபிளுக்கு அதை வைத்துக்கொண்டு ஜோசியம் பார்க்காதீர்கள்.

முதலில் சாய்வு. துப்பாக்கியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடிப்பது தப்பில்லை, பல நல்ல வீரர்கள் சாய்த்தே பிடிக்கிறார்கள். ஆனால் அறுபது அடிக்கும் அதே சாய்வு வேண்டும். ஒரு அடிக்கு நேராகவும் அடுத்ததற்கு ஐந்து பாகை வலது பக்கம் சாய்ந்தும் பிடித்தால் பெல்லட் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. வலது பக்கம் போகும். பத்துப் பாகை என்றால் மூன்று மி.மீ. பத்து ஒன்பதாகிவிடும், கண்ணுக்கோ எல்லாம் சரியாகவே தெரியும். முன் சைட்டுக்குள் சிறு நீர்மட்டக் குமிழ் வைத்துப் பழகினால் இது ஒரு மாதத்தில் தெளிந்துவிடும்.

அடுத்தது கன்னம். கன்னத்தை ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் வைக்கவேண்டும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தபின் க்ரூப் ஒரு பக்கமாக நகர்ந்தால் கன்னம் நகர்ந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைக் கன்னத்தில் ஏந்தி, திறந்து பாருங்கள். பின் சைட்டின் ஓட்டைக்குள் முன் வளையம் நடுவில் தெரியவேண்டும். தெரியவில்லையென்றால் கழுத்தை வளைத்துச் சரிசெய்யாதீர்கள், கன்னத்தாங்கியைத்தான் உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டும். இதோடு சேர்ந்தது முன் வளையத்தின் அளவு. சிறிய வளையம் போட்டால் துல்லியம் என்று நினைப்பார்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை நன்றாகத் தெரியாவிட்டால் மூளை தயங்கும், விரல் தாமதிக்கும், கை ஆடத் தொடங்கும். பெரியதாகவே போடுங்கள்.

டிரிகரை லேசாக்குவதில் எச்சரிக்கை தேவை. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் என்று குறைந்தபட்ச எடை உண்டு, ஏர் ரைஃபிளுக்கு இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி மூச்சுப்பட்டாலே வெடிக்கும்படி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போல்ட்டை மூடும் அதிர்ச்சியிலேயே சுட்டுவிடும் துப்பாக்கி ரேஞ்சில் எல்லோருக்கும் ஆபத்து. முதல் கட்டம் முடிந்து நிற்கும் இடம் விரலுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும், அதற்குக் குறைத்து வைக்காதீர்கள்.

சுட்டபின் ஒரு வினாடி அப்படியே நில்லுங்கள். பெல்லட் பேரலை விட்ட பிறகு பத்து மீட்டர் போக ஏறத்தாழ 60 மில்லிவினாடி ஆகும். அதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் அட்டையைப் பார்க்க அவசரப்படும் தலை, விரல் அழுத்தும்போதே கிளம்பிவிடும், அப்போது பெல்லட் இன்னும் பேரலுக்குள் இருக்கும். மின்னணு இலக்கில் சுடுபவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் மோசம், பக்கத்துத் திரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு துண்டை எடுத்து அந்தத் திரையை மூடிவிட்டு இருபது அடி சுட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரியான அன்று, துப்பாக்கியை மணல் பையில் வைத்து ஒரு பத்து அடி போடுங்கள். அட்டையின் பின்புறம் தேதி, பெல்லட்டின் அளவும் தொகுதி எண்ணும், சிலிண்டர் அழுத்தம், டயாப்டர் எத்தனை கிளிக்கில் நிற்கிறது என்பவற்றைப் பேனாவால் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைக்கவும். அடுத்தமுறை சிதறும்போது இன்னொரு அட்டையில் அதே பத்தைப் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள்.